டாட்ஜர்ஸுக்குப் புதிதாக வந்த வீரர்களின் கார்டுகளைச் சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி ஷோஹெய் ஓதானியை 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. அதே மாதம் யோஷினொபு யமமோட்டோ வந்தார்: 12 ஆண்டு, 32.5 கோடி டாலர். அடுத்த குளிர்காலத்தில் பிளேக் ஸ்னெல், ரோக்கி சசாக்கி, ஹேசொங் கிம். இப்படி ஆள் சேரும் ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும் "இவருடைய டாட்ஜர்ஸ் கார்டு (வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி கிளம்பிவிடுகிறது. அமெரிக்காவுக்கு வந்தபின் பேஸ்பாலில் மனம் பறிகொடுத்த தமிழ் நண்பர்கள் பலர் என்னிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள்.

பதில் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. விளக்கம் சொல்பவர்களில் பாதிப் பேர் விற்பவர்களாகவும் இருப்பதால், அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்கவும் முடியாது. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உதாரணங்கள் டாட்ஜர்ஸ் என்றாலும் முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு விஷயங்கள். ஒப்பந்தச் செய்தி வந்த வாரத்தில் எதையும் வாங்காதீர்கள். பாக்கெட்டாக வாங்கிப் பிரித்து உங்கள் வீரர் வருவாரா என்று தேடாதீர்கள். வேண்டிய கார்டை ஒற்றையாக வாங்குங்கள். மற்ற படிகள் நினைவில் நிற்காவிட்டாலும் இவை நின்றால் பணம் மிஞ்சும்.

1. வந்தவர் எந்த வகை என்று பாருங்கள்

புதிதாக ஒப்பந்தமானவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. எந்தக் கார்டைத் தேட வேண்டும் என்பது அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் வேறு அணிக்கு ஆடிவிட்டு வந்தவர். ஸ்னெல் இந்த வகை. டாம்பா பே, சான் டியாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ என மூன்று அணிகளில் ஆடி, 2018-இலும் 2023-இலும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கியபின் டாட்ஜர்ஸுக்கு வந்தார். அவருடைய ரூக்கி கார்டு, அதாவது மேஜர் லீக்கில் அறிமுகமான ஆண்டுக் கார்டு, எப்போதோ வந்துவிட்டது. நீங்கள் தேட வேண்டியது டாட்ஜர்ஸ் ஜெர்சியில் அவருக்கு வந்த முதல் ஆண்டுக் கார்டுகளை. இவை அரிதானவை அல்ல. சாதாரணக் கார்டு ஓரிரு டாலரில் கிடைக்கும்.

ஓதானியும் கணக்குப்படி இதே வகைதான். அவருடைய ரூக்கி கார்டுகள் 2018-இல் வந்தவை: கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனத்தின் சீரிஸ் 2 வெளியீட்டில் எண் 700, அப்டேட் வெளியீட்டில் எண் யுஎஸ்1. விலை கையைக் கடிக்கும். ஆனால் அவை அவருடைய பழைய அணியான ஏஞ்சல்ஸின் ஜெர்சியில் இருப்பவை. நீங்கள் சேர்ப்பது டாட்ஜர்ஸ் தொகுப்பு என்றால் அவை இல்லாமலேயே தொகுப்பு முழுமையாக இருக்கும். இதை முதலிலேயே மனதில் தெளிவுபடுத்திக்கொண்டால் பெரிய செலவு ஒன்று தானாகக் கழிந்துவிடும்.

இரண்டாம் வகை, ஜப்பான், கொரியா லீக்குகளிலிருந்து நேராக வருபவர்கள்: யமமோட்டோ, சசாக்கி, கிம். இவர்களுக்கு அமெரிக்காவில் வரும் முதல் ஆண்டுக் கார்டே ரூக்கி கார்டு. கார்டின் முகப்பில் ஆர்சி என்ற சின்னம் அச்சாகியிருக்கும். புதிதாக வந்தவர்களில் அதிகம் தேடப்படுவது இந்த வகைதான். ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தம் ஆனதால் மட்டும் ஆர்சி சின்னம் வந்துவிடாது. வீரர் மேஜர் லீக் அணிப் பட்டியலில் ஏற வேண்டும். சசாக்கிக்கு அப்போது 25 வயது ஆகாததால் அவர் கையெழுத்திட்டது மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) ஒப்பந்தம், போனஸ் 65 லட்சம் டாலர். ஆனாலும் 2025 மார்ச்சில் டோக்கியோவில் நடந்த தொடக்க ஆட்டங்களிலேயே களமிறங்கிவிட்டார். கிம் அந்த சீசனை ஓக்லஹோமா சிட்டி மைனர் அணியில் தொடங்கி, மே மாதத்தில்தான் மேலே வந்தார். ஒரே மாதத்தில் ஒப்பந்தமான இருவருக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டிய காலம் இப்படித்தான் வேறுபடுகிறது.

இவர்களுக்கு ஜப்பானிலும் கார்டுகள் உண்டு. யமமோட்டோவின் ஓரிக்ஸ் பஃபலோஸ் கார்டுகள், சசாக்கியின் சிபா லோட்டே மரீன்ஸ் கார்டுகள் எல்லாம் பிபிஎம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வெளியீடுகளில் கிடைக்கும். அழகான அச்சு, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அமெரிக்கச் சந்தையில் ரூக்கி கார்டு என்று கொள்ளப்படுவது ஆர்சி சின்னம் உள்ளதையே. விற்பவர் "உண்மையான ரூக்கி" என்று போட்டு ஜப்பானியக் கார்டுக்குக் கூடுதல் விலை சொன்னால் யோசித்து வாங்குங்கள்.

மூன்றாம் வகை, பதின்ம வயதுப் பிள்ளைகள். ஜனவரி 15 அன்று சர்வதேச ஒப்பந்தக் காலம் திறந்ததும் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலாவிலிருந்து அணிகள் எடுக்கும் இளைஞர்கள். அணிகள் முறைவைத்து ஆள் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்டில் எடுக்கப்படும் பள்ளி, கல்லூரி வீரர்கள். இவர்களுடைய கார்டுகள் பௌமன் என்ற வரிசையில் வரும். முதல் கார்டில் "ஃபர்ஸ்ட்" என்ற முத்திரை இருக்கும். இவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கை எட்டுவதே இல்லை. ஒரு பையனின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதில் சந்தோஷம் இருந்தால் வாங்குங்கள். முதலீடு என்று யாராவது சொன்னால் வேண்டாம்.

2. எந்த வெளியீடு எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீக் அணிகளின் சின்னத்தோடு கார்டு அச்சிடும் உரிமை டாப்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் டாப்ஸை ஃபனாட்டிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. பனினி என்ற வேறொரு நிறுவனத்தின் பழைய கார்டுகளைப் பார்த்தால் வீரர் இருப்பார், தொப்பியிலும் மார்பிலும் அணியின் சின்னம் இருக்காது. அணிக்காகச் சேர்ப்பவருக்கு அவை ருசிக்காது. எனவே டாப்ஸின் வெளியீட்டு வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும்.

பிப்ரவரியில் சீரிஸ் 1. மார்ச், ஏப்ரல் வாக்கில் ஹெரிட்டேஜ். இது பழைய டாப்ஸ் வடிவமைப்பில் இன்றைய வீரர்களைப் போடும் வரிசை, 2025-க்கு 1976 வடிவம். வசந்த காலத்தில் பௌமன். ஜூனில் சீரிஸ் 2. கோடையில் குரோம், அதாவது பளபளப்பான முகப்புள்ள வரிசை. அக்டோபர், நவம்பரில் அப்டேட். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில வாரம் முன்பின் நகரும்.

புதிதாக வந்த வீரரைத் தேடுபவருக்கு இதில் முக்கியமானது அப்டேட். சீசனுக்கு முன் அணி மாறியவர்கள், சீசன் நடுவே அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடுவுக்குள் மாறியவர்கள், நடுவில் மேலே வந்த ரூக்கிகள் எல்லோரையும் பிடித்துப் போடுவதற்காகவே உள்ள வெளியீடு அது.

சீரிஸ் 1 படங்கள் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும். அதனால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒப்பந்தமான வீரர் பிப்ரவரிக் கார்டில் பழைய அணியின் ஜெர்சியில் இருக்கலாம், இல்லாமலே போகலாம், அல்லது பழைய படத்தின்மேல் கணினியில் புதிய ஜெர்சி வரையப்பட்டிருக்கலாம். உங்கள் வீரர் டாட்ஜர்ஸ் உடையில் ஆடிய உண்மையான புகைப்படம் வேண்டுமானால் பெரும்பாலும் ஜூன் வரைக்கும், சில சமயம் அப்டேட் வரைக்கும் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் சீசன் தொடங்கிய ஆண்டுகளில் படம் சற்று முன்னதாகவே கிடைத்தது. 2024 மார்ச்சில் சியோலில் யமமோட்டோவின் முதல் ஆட்டம். ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்துவிட்டு வெளியேறினார். அன்று அவரைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்கள், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2025-இல் அவர் மதிப்புமிகு வீரர் விருது வாங்கியபோது என்ன நினைத்தார்களோ!

கணினியில் வரைந்த ஜெர்சியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. டாட்ஜர்ஸ் வீட்டு ஜெர்சியில் நீல எழுத்துக்குக் கீழே எண் மட்டும் சிவப்பில் இருக்கும். வரைந்த படங்களில் அந்த எண் கையாலோ கையுறையாலோ மறைந்திருக்கும், அல்லது படம் மார்புக்கு மேலேயே வெட்டப்பட்டிருக்கும். தொப்பியில் உள்ள எல்ஏ எழுத்து, துணியின் மடிப்போடு சேர்ந்து வளையாமல் ஒட்டியதுபோல் தட்டையாக நிற்கும். முழங்கைப் பட்டை, காலணி, கையுறை ஆகியவற்றின் நிறம் பழைய அணியுடையதாகவே இருக்கும். பின்னணியில் மங்கலாகத் தெரியும் சுவர் எந்த மைதானத்துச் சுவர் என்று பாருங்கள். இப்படிப்பட்ட கார்டுகளைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்; அவையே "முதல் டாட்ஜர்ஸ் கார்டு" என்று சிலர் தேடிச் சேர்க்கிறார்கள். எனக்கு உண்மையான ஆட்டப் படம்தான் வேண்டும். உங்களுக்கு எது என்று முடிவு செய்துகொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. பட்டியல் போடாமல் பணப்பையைத் திறக்காதீர்கள்

ஒரு வீரருக்கு ஒரே ஆண்டில் வரும் கார்டுகளைக் கூட்டினால் நூற்றுக்கணக்கில் போகும். காரணம் பேரலல்கள். ஒரே படம், ஒரே எண்; ஓரத்தின் நிறமோ பளபளப்போ மட்டும் வேறு. தங்க நிற ஓரம் உள்ளது, அந்த ஆண்டின் எண்ணிக்கைக்கு அச்சிடப்படும். அதாவது 2024 வெளியீட்டில் 2024 பிரதிகள், ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து. பிறகு 50, 25, 10, 5 என்று குறைந்துகொண்டே போய் ஒரே ஒரு பிரதி வரைக்கும் இறங்கும். எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தால் முடிவே கிடையாது.

டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற இலவசத் தளம் இருக்கிறது. சேர்ப்பவர்கள் சுருக்கமாக டிசிடிபி என்பார்கள். அதில் வீரரின் பெயரைத் தேடி, ஆண்டையும் அணியையும் பார்த்து வடிகட்டினால், இன்றுவரை பதிவான கார்டுகள் படத்தோடு வரும். வேண்டியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம், கைக்கு வந்ததும் அடித்துவிடலாம். புதியவர்களுக்கு நான் சொல்லும் அளவு, ஒரு வீரருக்கு மூன்று கார்டு: முதல் ஆண்டின் சாதாரண பேஸ் கார்டு ஒன்று, குரோம் கார்டு ஒன்று, மனதுக்குப் பிடித்த ஒரு பேரலல் அல்லது கையெழுத்துக் கார்டு ஒன்று. மூன்றாவதற்கு அவசரமே இல்லை. ஐந்து வீரர்களுக்கு முதல் இரண்டையும் சேர்த்தாலே ஒரு பக்கம் நிறைந்து அழகாக இருக்கும்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

மிகச் சுலபமான தொடக்கம் டாப்ஸ் டீம் செட். ஒரு அணிக்கு 17 கார்டு, மூடிய பிளாஸ்டிக் உறையில், பத்து டாலரைச் சுற்றி விலை. மைதானக் கடையிலும் கிடைக்கும். குழந்தைகளோடு சேர்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஒற்றைக் கார்டுக்கு ஈபே. ஆனால் ஒரு டாலர் கார்டுக்கு அதைவிடக் கூடுதலாகத் தபால் செலவு வரும். மேலே மாநில விற்பனை வரியும் சேரும். அதனால் ஒரே விற்பனையாளரிடம் பல கார்டுகளைச் சேர்த்து வாங்கி, தபால் செலவைச் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். இன்னொரு வழி சிஓஎம்சி என்ற தளம். வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அவர்களுடைய கிடங்கிலேயே எல்லா விற்பனையாளர்களின் கார்டுகளும் இருப்பதால், நீங்கள் பல மாதங்களாக ஒவ்வொன்றாக வாங்கிக் கிடங்கிலேயே விட்டுவைத்து, கடைசியில் ஒரே பார்சலாக வரவழைக்கலாம். சில்லறைக் கார்டுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. அனுப்பச் சொன்னபின் பார்சல் வருவதற்குப் பொறுமை வேண்டும்.

ஊரில் உள்ள கார்டு கடையை மறந்துவிடாதீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் டாலர் பெட்டி என்று ஒன்று இருக்கும். நீளமான வெள்ளை அட்டைப்பெட்டியில் நூற்றுக்கணக்கான கார்டுகள் அணிவாரியாக நிற்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகலாம், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். வார இறுதிகளில் ஓட்டல் அரங்குகளில் நடக்கும் கார்டு ஷோக்களுக்குப் பணத்தை நோட்டாகவே எடுத்துப் போங்கள். மூடும் நேரத்தில் விலை இறங்கும்.

சரியான விலை என்ன என்பதை ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியில் பாருங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஐந்து டாலர் கார்டுக்கு ஐம்பது டாலர் போட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். கடைசியாக விற்ற ஐந்தாறு விலைகளைப் பார்த்து, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். ஒப்பந்தச் செய்தி வந்தவுடன் விலை ஏறும். புதிய வெளியீடு வந்த முதல் சில நாட்களிலும் ஏறியே இருக்கும், ஏனென்றால் பெட்டி பிரித்தவர்கள் இன்னும் குறைவு. மூன்று நான்கு வாரத்தில் சந்தையில் கார்டு குவிந்ததும் சாதாரணக் கார்டுகள் இறங்கிவிடும். சீசன் முடிந்து, கவனமெல்லாம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போன நவம்பர், டிசம்பர் மாதங்கள் நல்ல மாதங்கள். அணி உலகத் தொடரை வென்ற ஆண்டில் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது.

5. விற்பனை விளம்பரத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். தலைப்பை மட்டும் பார்க்காமல் கீழே உள்ள விவரங்கள் முழுவதையும் படியுங்கள்.

"டிஜிட்டல்" அல்லது "பன்ட்" என்ற சொல் இருந்தால் அது செயலிக்குள் இருக்கும் கார்டு. தபாலில் எதுவும் வராது.

"கஸ்டம்", "நாவல்டி", "ஏசிஇஓ", "ரீப்ரிண்ட்", "ஆர்பி" ஆகிய சொற்கள் இருந்தால், அது யாரோ வீட்டில் அச்சிட்டது அல்லது மறு அச்சு. ஒப்பந்தச் செய்தி வந்த மறுநாளே டாட்ஜர்ஸ் ஜெர்சியில் கார்டு விற்பனைக்கு வந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

"ஃபேக்ஸிமிலி ஆட்டோ" என்றால் அச்சடித்த கையெழுத்து. வீரர் அந்தக் கார்டைத் தொட்டதே இல்லை. உண்மையான கையெழுத்துக் கார்டில், கையெழுத்து உண்மையானது என்று நிறுவனம் சான்று சொல்லும் வரி பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கப் படம் இல்லாத விளம்பரத்தில் கையெழுத்துக் கார்டு வாங்கவே வாங்காதீர்கள். விற்பவரிடம் கேட்டால் அனுப்புவார், அனுப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

துணித்துண்டு பதித்த கார்டுகளிலும் பின்பக்கத்தைப் படியுங்கள். பல கார்டுகளில், இந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும் நிகழ்வையும் சீசனையும் சேர்ந்தது அல்ல என்றே எழுதியிருக்கும். முன்பக்கத்தில் வீரர் டாட்ஜர்ஸ் உடையில் இருப்பார்; உள்ளே உள்ள துணி டாட்ஜர்ஸுக்காக அவர் ஆடிய ஆட்டத்தில் அணிந்தது என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. புதிதாக வந்த வீரருக்கு இது இன்னும் முக்கியம்.

"ரிடெம்ப்ஷன்" என்றால் கையெழுத்து இன்னும் தயாராகவில்லை, அதற்குப் பதில் ஒரு குறியீடு உள்ள சீட்டு. டாப்ஸ் தளத்தில் குறியீட்டைப் பதிவு செய்தால் பிறகு கார்டை அனுப்புவார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும். குறியீட்டை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்றா என்பது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால், புதியவர்கள் இதைத் தொட வேண்டாம்.

வந்த கார்டு படத்தில் கண்டதிலிருந்து வேறாக இருந்தால், ஈபேயில் பொருள் வந்த 30 நாட்களுக்குள் புகார் பதிய வேண்டும். ஒரு விற்பனையாளர் எனக்கு மடங்கிய மூலையோடு கார்டு அனுப்பிவிட்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று செய்தி அனுப்பியே நாளைக் கடத்தப் பார்த்தார். தனிச் செய்தியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். தளத்தின் வழியாகவே புகாரைத் திறந்துவிட்டுப் பேசுங்கள். உறையைப் பிரிக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

6. டாப்ஸ் நவ்: காத்திருக்க முடியாதவர்களுக்கு

ஒரு வீரர் ஒப்பந்தமானதும், முதல் ஆட்டம் ஆடியதும் டாப்ஸ் தன் தளத்தில் அந்த நிகழ்வுக்கென்றே ஒரு கார்டு வெளியிடும். விற்பனை குறுகிய நேரம்தான். பக்கத்திலேயே கடிகாரம் ஓடும். எத்தனை பேர் வாங்கினார்களோ அத்தனை பிரதி அச்சிட்டு, எண்ணிக்கையைப் பிறகு அறிவிப்பார்கள். விலை பத்துப் பன்னிரண்டு டாலரும் தபால் செலவும். கைக்கு வர சில வாரங்கள் ஆகும்.

நினைவுப்பொருளாக நான் இவற்றை மனதார விரும்புகிறேன். டோக்கியோவில் சசாக்கி முதல் பந்து வீசிய நாளுக்கென்று ஒரு கார்டு கையில் இருப்பது தனி சுகம். ஆனால் ஓதானி போன்றவர்களுக்கு அச்சு எண்ணிக்கை எக்கச்சக்கமாகப் போவதால், பிறகு மறுவிற்பனையில் அதே கார்டு அசல் விலைக்கும் குறைவாகக் கிடைப்பது சகஜம். அதிகம் பேசப்படாத வீரராக இருந்தால் நிலைமை நேர்மாறு: வாங்குபவர் குறைவு, பிரதியும் குறைவு, பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம். நட்சத்திரங்களுக்குக் காத்திருங்கள், மாற்று வீரர்களுக்கு உடனே வாங்குங்கள்.

7. பிரேக்கில் சேரும் முன் ஒருமுறை கணக்குப் போடுங்கள்

பிரேக் என்றால், ஒருவர் நேரலையில் பெட்டிகளைப் பிரிப்பார். நீங்கள் முன்கூட்டியே "டாட்ஜர்ஸ்" என்று பணம் கட்டியிருந்தால் அதில் வரும் டாட்ஜர்ஸ் கார்டுகளெல்லாம் உங்களுக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓதானி இருக்கும்வரை டாட்ஜர்ஸ் இடத்துக்குத்தான் மிக அதிக விலை வைப்பார்கள். கட்டிய பணத்துக்கு நாலைந்து பேஸ் கார்டு மட்டும் வந்துசேரும் நாட்கள்தான் அதிகம். நள்ளிரவில் கூச்சலும் கொண்டாட்டமுமாகப் போகும் நேரலையில், இன்னொன்று, இன்னொன்று என்று கை போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பணத்துக்கு உங்கள் பட்டியலில் உள்ள ஒற்றைக் கார்டுகள் எத்தனை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பரிந்துரை, சேர வேண்டாம்.

8. வந்த கார்டை உடனே உறையில் போடுங்கள்

கார்டின் அளவு 2.5 அங்குலம் அகலம், 3.5 அங்குலம் உயரம். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை; பென்னி ஸ்லீவ் என்று கேட்டால் நூறு உறை ஓரிரு டாலருக்குத் தருவார்கள். அதற்குமேல் கடினமான டாப்லோடர், 25 கொண்ட கட்டு ஐந்தாறு டாலர். சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட் கனம் போதும். துணி பதித்த தடித்த கார்டுக்குக் கனம் கூடிய டாப்லோடர் வேண்டும், இல்லாவிட்டால் திணிக்கும்போதே மூலை போய்விடும்.

கார்டை இரண்டு பக்க ஓரத்திலும் விரலால் பிடியுங்கள். முகப்பைத் தொடாதீர்கள், குரோமில் விரல்ரேகை அப்படியே பதியும். ஸ்லீவின் வாயை லேசாக அழுத்தித் திறந்து, கார்டின் ஒரு மூலையை முதலில் நுழைத்து, பிறகு நிமிர்த்தி இறக்குங்கள். நேராகத் தள்ளினால் இரண்டு மூலையும் ஸ்லீவின் விளிம்பில் இடிக்கும். ஸ்லீவில் போட்ட பிறகே டாப்லோடரில் இறக்க வேண்டும். ஒன்பது அறை உள்ள ஆல்பம் தாள் வாங்கினால், பிவிசி கலக்காதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் அலமாரி, சமையலறைப் பக்கம், கராஜ் மூன்றும் வேண்டாம்.

நண்பருக்கு அனுப்பும்போது டாப்லோடரின் வாயை ஒட்டுவதற்கு நீல நிற பெயின்டர்ஸ் டேப்பைப் பயன்படுத்தி, முனையைச் சிறிது மடித்துவிடுங்கள். பெறுபவர் இழுத்ததும் வந்துவிடும். சாதாரண செலோடேப்பின் பிசின் கார்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

9. கிரேடிங்குக்கு அனுப்புவது யாருக்கு?

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து 10-க்கு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும். பிஎஸ்ஏயில் ஒரு கார்டுக்கு இருபது டாலருக்குக் குறையாது. மிகக் குறைந்த கட்டணத்துக்கு உறுப்பினர் சந்தா, குறைந்தபட்ச எண்ணிக்கை என்று நிபந்தனைகள் உண்டு. போக வரத் தபால், காப்பீடு தனி. திரும்பி வர வாரங்கள் அல்ல, மாதங்களே ஆகலாம். நீங்கள் அறிவித்த மதிப்பைவிடக் கார்டின் மதிப்பு மிகக் கூடிவிட்டால் கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். ஐந்து டாலர் பேஸ் கார்டை இதற்கு அனுப்புவதில் அர்த்தமே இல்லை. கிரேடு ஆன கார்டு வேண்டுமானால், ஏற்கெனவே அடைத்து விற்கப்படுவதை வாங்குவது பெரும்பாலும் மலிவு. அதன் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

10. ரசீது, வரி, விசா

ஒவ்வொரு கார்டுக்கும் வாங்கிய தேதி, விலை, தபால் செலவு ஆகியவற்றை ஒரு தாளிலோ எக்செல்லிலோ எழுதி வைத்து, ரசீதின் படத்தையும் சேமியுங்கள். பின்னால் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால், விற்ற தொகை முழுவதையும் லாபம் என்று கணக்கில் கொள்ளும் சிக்கல் வரும். உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குச் சொல்லும் 1099-கே படிவத்தை விற்பனைத் தளங்கள் அனுப்பும் மத்திய வரம்பு ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் 200 பரிவர்த்தனைக்கும் மேல். சில மாநிலங்களில் இதைவிடக் குறைவு. படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் தங்கள் சேகரிப்பிலிருந்து எப்போதாவது இரண்டு கார்டு விற்பது வேறு. விற்பதற்கென்றே வாங்கி வாராவாரம் விற்பது வேறு. இரண்டாவது, அனுமதியில்லாத வேலை என்று கொள்ளப்படும் ஆபத்து உண்டு. நிறைய விற்கும் எண்ணம் இருந்தால், முதல் விளம்பரத்தைப் போடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் மின்னஞ்சலாக வாங்கி ரசீதுகளோடு வையுங்கள்.